பரிவட்டமா, படியா? ஊர்த் திருவிழாப் பொறுப்பாளர்களுக்கு ஊதியம் தருவதை முடிவு செய்யும் முறை

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளத் தொடங்கியதும் காவிரிப் படுகையில் ஊருக்கு ஊர் திருவிழாக் கூட்டம் கூடுகிறது. காப்புக் கட்டும் நாள், குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரி, ஒவ்வொரு நாள் செலவையும் யார் ஏற்பது என்ற மண்டகப்படி வரிசை ஆகியவை பேசி முடிந்த பிறகு, அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் தயங்கித் தயங்கி எழுகிறது. இரண்டு மாதம் சொந்த வேலையை விட்டுவிட்டு அலையும் செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஊர் ஏதாவது தர வேண்டாமா என்பதே அது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் இது முதன்முதலாக எழுந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "சாமிக்குச் செய்யறதுக்குக் கூலியாடா தம்பி?" என்று கேட்டார். தூணோரம் நின்றிருந்த ஒரு பெண், "மைக்செட்டுக்காரரும் சாமிக்குத்தான் கட்டுறாரு பெரியப்பா, அவருக்குக் குடுக்கலையா?" என்று திருப்பிக் கேட்டார். கூட்டம் சிரித்தது, ஆனால் விடை கிடைக்கவில்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாமல் ஓர் ஊர் எப்படிப் பேசி முடிக்கலாம் என்பதை, பொருளாளராகவும் பின்னர் கணக்குப் பார்ப்பவராகவும் இருந்து கற்றுக்கொண்ட அளவில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவிக்குப் பணம் தரக் கூடாது. நேரம் குறித்துச் செய்த வேலைக்குத் தரலாம். கைச்செலவை மட்டும் எந்த ஊரானாலும் எந்த நிலையிலும் தந்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவதால்தான் கூட்டங்கள் சண்டையில் முடிகின்றன.

முதல் வேலை: கைச்செலவைத் தீர்த்தல்

ஊதியம் பற்றிப் பேசும் முன், பொறுப்பில் இருப்பவர்கள் இப்போது எவ்வளவு சொந்தப் பணத்தை இழக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் பொருளாளராக இருந்த ஆண்டில், நாதஸ்வரச் செட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது வரிப்பணம் பாதிகூட வசூலாகியிருக்கவில்லை. முன்பணம் இல்லாவிட்டால் அதே நாளில் வேறு ஊருக்கு ஒப்புக்கொண்டுவிடுவார்கள் என்பதால், வீட்டுக்காரியின் இரண்டு வளையல்களை அடகுக்கு வைத்துக் கொடுத்தேன். வசூல் பின்னர் வந்தது, அசலை எடுத்துக்கொண்டேன். மூன்று மாத வட்டியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது, "ஒரு ரூபாய் கூடக் குறையல" என்று ஊர் மெச்சியது. வீட்டில் ஒருவர் மட்டும் மெச்சவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. செயலாளரின் இருசக்கர வண்டி கும்பகோணம் பூச்சந்தைக்கும் தஞ்சாவூர் பந்தல் கடைக்கும் காவல் நிலையத்துக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் எத்தனை முறை போய் வருகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. பார்க்க வருபவருக்கெல்லாம் டீ வாங்கித் தருவதும் அவர்தான். கடைக்காரர் டீக்கு ரசீது தரமாட்டார் என்பதால் அது கணக்கிலேயே ஏறுவதில்லை. இதற்குத் தீர்வு எளிது. இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நோட்டை வாங்கி, தேதி, காரணம், தொகை, பெற்றவர் கையெழுத்து என்று நான்கு பத்தி கோடிட்டு, ரசீது கிடைக்காத செலவுகளுக்கு அன்றன்றே எழுதிக் குழுவில் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முதல் கூட்டத்திலேயே நிர்ணயித்துவிட்டால், "வண்டியில சொந்த வேலைக்கும் போனாரு" என்ற முணுமுணுப்புக்கு இடமிருக்காது. ஒரு நாள் செலவுக்கு இவ்வளவு வரை அவரே செய்யலாம், அதற்கு மேல் போனால் இருவர் ஒப்புதல் வேண்டும் என்ற வரம்பையும் அப்போதே வைத்துக்கொள்வது நல்லது. முன்பணத்துக்காகக் கடன் வாங்க நேர்ந்தால் அதன் வட்டி திருவிழாச் செலவுதான். அதைத் தீர்மானத்தில் எழுதி வைக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, முந்தைய ஆண்டின் மிச்சத்தில் ஒரு தொகையை முன்பணத்துக்கென்றே வங்கியில் விட்டுவைப்பது.

கைச்செலவைத் திருப்பித் தருவது ஊதியம் ஆகாது. இதை ஒழுங்காகச் செய்த பல ஊர்களில் ஊதியப் பேச்சே அதன் பிறகு எழுவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். பலர் கேட்பது சம்பளமே அன்று. நட்டப்படாமல் இருந்தால் போதும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு.

எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது

கூட்டத்தில் பேசும்போது எந்தச் சொல் முதலில் வாயில் வருகிறதோ அதுவே பாதி முடிவைச் செய்துவிடும். "கூலி" என்றால் பெரியவர் எழுந்து போவார். "சம்பளம்" என்றால், "அப்ப நாங்க முதலாளி, நீ வேலைக்காரன்" என்று ஒருவர் சொல்லாமல் சொல்லுவார். அன்றிலிருந்து குப்பை அள்ளுவதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "சன்மானம்" என்பது கலைஞருக்கும் வித்துவானுக்கும் தருவது, அளவு கேட்கக் கூடாதது. "மதிப்பூதியம்" அலுவலகச் சொல். எழுத்தில் நன்றாக இருக்கும், பேச்சில் ஒட்டாது. எங்கள் பக்கத்தில் பிரச்சினையின்றி நிற்பது "படி" என்ற சொல்தான். பயணப்படி, சாப்பாட்டுப்படி, நாட்படி என்று எதனோடும் அது சேரும். நாள் கணக்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

சொல்லில் இவ்வளவு கூச்சம் ஏன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்வது நல்லது. கோயில் வேலைக்கு ஊதியம் தருவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் ஆடல் மகளிருக்கு, ஆளுக்கொரு வீட்டையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கையும் பெயர் பெயராகக் குறித்து வைத்திருக்கிறது. நட்டுவருக்கும் இசைக்காரருக்கும் கணக்கருக்கும் அதில் பங்கு உண்டு. பிற்காலத்திலும் களத்தில் நெல் அளக்கும்போது ஊர்த் தொழில் செய்தவர்களுக்கென்று ஒதுக்கிய பங்குக்குச் "சுதந்திரம்" என்று பெயர். ஆனால் ஊரை நடத்திய நாட்டாண்மைக்காரரின் பெருமை நெல்லில் இல்லை. அது கோயிலில் தலையில் கட்டும் பரிவட்டத்திலும் முதல் மரியாதையிலும் இருந்தது. வாங்குகிறவர் கீழே, கட்டிக்கொள்கிறவர் மேலே என்ற அந்தப் பழைய அடுக்குதான், இன்றும் ஒரு செயலாளரைத் தன் பெட்ரோல் காசைக் கேட்க விடாமல் தடுக்கிறது. "சாமிக்குச் செய்யறதுக்குக் கூலியா" என்ற கேள்வியில் பக்தி பாதி, இந்த அடுக்கு பாதி என்பது என் எண்ணம்.

ஊதியமின்மை யாரை வெளியே நிறுத்துகிறது

இதைத்தான் முக்கியமாக எடைபோட வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் ஊர்க் குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர், குத்தகைக்கு நிலத்தை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர், கடை வைத்திருப்பவர் என்றுதான் பட்டியல் போகும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணோ, கொத்தனார் வேலைக்குத் தினம் பேருந்து ஏறும் இளைஞனோ அதில் இருந்தால் அது அரிது. திறமையில் குறைந்தவர்கள் என்பதால் அவர்கள் விடுபடவில்லை. முப்பது நாள் கூலியை இழக்க முடியாது என்பதால் விடுபடுகிறார்கள். ஆடி மாதத்துத் திருவிழாக்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வழக்கப்படி சூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் கடைமடைக்கு வந்து, வயலில் வேலை உச்சத்தில் இருக்கும் காலம் அது. அப்போது வரி வசூலுக்கு வீடு வீடாக நடக்கக் கூடியவர் யாராக இருப்பார்?

ஆகவே, இன்னாருக்குத் தரலாமா என்று கேட்பதை விட, தராவிட்டால் யார் இந்தப் பொறுப்புக்கு வரவே முடியாது என்று கேட்பதே சரியான தொடக்கம். மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதும் பெண்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திருவிழாக் கணக்கை அவர்களிடம் தர யாருக்கும் தோன்றாததற்கு வேறு காரணங்களும் உண்டு. நாள் கூலி இழப்பும் அவற்றுள் ஒன்று. இந்த ஒன்றைச் சரிசெய்வதாவது ஊரின் கையில் இருக்கிறது.

நேரக் கணக்கு

மனத்தால் மதிப்பிடாமல் ஓர் ஆண்டு நேரத்தை எழுதிப் பார்ப்பது இன்றியமையாதது. செயலாளரும் பொருளாளரும் ஒரு நாட்குறிப்பில் "காலை 9 முதல் 12 வரை, மேலத் தெரு வசூல்" என்ற அளவில் எழுதினால் போதும். எடுத்துக்காட்டாக, பத்து நாள் திருவிழா நடத்தும் 250 தலைக்கட்டு ஊர் ஒன்றை எண்ணிக்கொள்வோம். தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி, 3 லட்சம் நன்கொடை என்றால் மொத்த வரவு 8 லட்சம். செயலாளர் விழாவுக்கு முன் 45 நாள் நாளொன்றுக்கு 3 மணி நேரம், விழாவின் 10 நாளும் 12 மணி நேரம் உழைத்தால் 135-உம் 120-உம் சேர்ந்து 255 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் என்று கொண்டால் ஏறத்தாழ 32 நாள். நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் 19,200 ரூபாய். இது மொத்த வரவில் 2.4 விழுக்காடு, தலைக்கட்டுக்குப் பிரித்தால் 77 ரூபாய்க்கு உட்பட்டது. இந்தக் கடைசி எண்ணைக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். 19,200 என்றபோது முகம் சுளித்தவர்கள் 77 என்றதும் யோசிக்கத் தொடங்குவார்கள்.

ஆனால் அந்த 255 மணி நேரமும் வேலையா என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. பந்தல்காரரோடு மல்லுக்கட்டுவது வேலை. பரிவட்டம் கட்டிக்கொண்டு தீபாராதனைக்கு முன்வரிசையில் நிற்பது வேலை அன்று. சப்பரத்தின் முன்னால் தோளில் துண்டோடு நடப்பதும் அன்று. அவை ஏற்கெனவே பெருமையாகக் கொடுத்து முடிந்துவிட்டன. மேற்கண்ட கணக்கில் அப்படி 40 மணி நேரத்தைக் கழித்தால் 215 மணி நேரம், அதாவது 27 நாள், 16,200 ரூபாய் என்று குறையும். ஒரே மணி நேரத்துக்கு மரியாதையும் பணமும் இரண்டும் தர வேண்டியதில்லை என்பது நான் விடாப்பிடியாக வற்புறுத்தும் விதி. தலைவர் பதவி பெரும்பாலும் மரியாதையின் பக்கமே சாய்கிறது; அதனால் தலைவருக்குப் படி தேவைப்படுவது அரிது. வேலை கணக்கு எழுதுபவரிடமும் அலைபவரிடமும்தான் இருக்கிறது.

நாட்படியின் அளவை ஊரில் அந்த ஆண்டு ஓடும் ஆண்கூலியை ஒட்டி வைப்பதே மேல். பெண் பொறுப்பாளர் என்பதற்காகப் பெண்கூலி வீதத்தில் போடும் தந்திரத்தை யாராவது முன்மொழிவார்கள். அதை அங்கேயே மறுத்துவிட வேண்டும். வங்கி அதிகாரியாக இருந்தவருக்கும் கூலி வேலைக்குப் போகிறவருக்கும் ஒரே வீதம்தான். அவரவர் இழந்த வருமானத்தைத் தருகிறோம் என்று தொடங்கினால் வசதியுள்ளவருக்கு அதிகம், இல்லாதவருக்குக் குறைவு என்று முடியும்.

வசூலில் நூற்றுக்கு இவ்வளவு என்று மட்டும் ஒருபோதும் பேசிவிடாதீர்கள். வசூலிப்பவருக்குப் பங்கு உண்டென்றால், கொடுக்க முடியாத வீட்டு வாசலில் அவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நிற்பார். செலவைக் குறைக்கவும் அவருக்கு மனம் வராது. ஊர் வரி கந்துவட்டி வசூலைப் போல ஆகிவிடும்.

தராமல் இருப்பதே நல்லதாகும் இடங்கள்

எல்லா விழாவும் ஒன்றன்று. திருவையாற்றில் தியாகராசர் ஆராதனைக்கு வரும் வித்துவான்கள் ஊதியம் இல்லாமல் பாடுகிறார்கள். அந்த விழாவின் பெருமையே அதில்தான் இருக்கிறது. 1847-இல் மறைந்த தியாகராசரின் சமாதியில் தம் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். மேலட்டூரில் நரசிம்ம செயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளத்திலும், வேறு ஊர்களில் வேறு தொழில் பார்ப்பவர்கள் விடுப்பு எடுத்து வந்து வேடம் கட்டுகிறார்கள். அங்கெல்லாம் ஒருவருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினால், மற்றவர் தந்துகொண்டிருக்கும் இலவச உழைப்பின் பொருள் மாறிவிடும். அரிசி மூட்டை இறக்கவும் இலை போடவும் நாற்பது பேர் தாமாக வருகிற ஊரில் செயலாளருக்குப் படி என்று அறிவித்தால், "அதான் காசு வாங்குறாரே, அவரே இறக்கட்டும்" என்று சிலர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த நாற்பது பேரின் கை நின்றுவிட்டால் ஆகும் செலவு 16,200 ரூபாயில் அடங்காது.

அதே வேளையில், பணம் இல்லாத இடத்தில் சண்டையும் இருக்காது என்று நம்ப வேண்டாம். திருவையாற்றிலேயே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து நின்று, பெண்களைப் பாட விடாமல் ஒதுக்கி, நாகரத்தினம்மாள் தனியே பெண் கலைஞர்களைத் திரட்டிப் பாட வைத்து, 1940-ஐ ஒட்டித்தான் எல்லாம் ஒரே விழாவாகக் கூடின. அங்கே யாரும் சம்பளத்துக்காக மோதவில்லை. முன்னால் நிற்பது யார் என்பதற்காக மோதினார்கள்.

என் அளவுகோல் இது. விழா மூன்று நாளுக்குள் முடிந்து, வேலை பலரிடம் பரவி, ஒருவருக்கும் பத்து நாளுக்கு மேல் ஆகவில்லை என்றால் கைச்செலவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் தோளில் முப்பது நாள் சுமை ஏறுகிறது என்றால் முதலில் அதை மூன்று பேருக்குப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். பிரிக்க முடியாதபோது மட்டும் படியைப் பற்றிப் பேசுங்கள்.

பாதுகாப்பு வேலை தனி

இந்த ஒன்றில் மட்டும் நான் தயங்காமல் பணம் தரச் சொல்வேன். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு படுகையில் தேரோ சப்பரமோ இழுக்கும் எந்த ஊரிலும், வீதியுலாப் பாதையை முன்கூட்டியே நடந்து அளந்து, அலங்காரத்தோடு சேர்த்துத் தேரின் உயரத்தைக் குறித்து, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பிறகே வடத்தைத் தொட விடும் ஒருவர் தேவை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியைக் காக்கவும், தீமிதிக் குழியருகே நெரிசலை ஒழுங்கு செய்யவும் ஆள் வேண்டும். அந்த ஆள் அன்று சாமி தூக்கவும் கூடாது, விரதம் இருந்து தீ மிதிக்கவும் கூடாது; பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். திருவிழா நாளில் ஒருவரைக் கொண்டாட விடாமல் நிறுத்தி வைக்கிறோம் என்றால் அதற்குக் காசு தருவதுதான் முறை. இந்தப் பொறுப்பை "யாராவது பார்த்துக்குவாங்க" என்று விடுவதை விட ஊருக்கு வெளியிலிருந்து விவரம் தெரிந்த ஒருவரைக் கூலி பேசி அமர்த்துவது எவ்வளவோ மேல்.

சட்டத்தின் பக்கம்

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் இருந்தால், உண்டியல், கட்டளை, குத்தகை என்று கோயிலுக்கு வரும் எந்த வருமானத்திலிருந்தும் எடுத்துப் பொறுப்பாளருக்குக் கொடுக்க ஊர்க் குழுவுக்கு உரிமை இல்லை. ஊர் தானாகப் போட்ட வரியும் ஊர்க் குழுவுக்கென்று வந்த நன்கொடையும் வேறு. அவற்றைத் தனி வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்தில் வைப்பது பாதுகாப்பு.

குழுவை 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருந்தால், துணைவிதிகளை முதலில் எடுத்துப் படியுங்கள். நிர்வாகிகள் ஊதியமின்றிப் பணியாற்ற வேண்டும் என்ற வரி அதில் இருக்கலாம். நகலெடுத்து எழுதியவரே அதை மறந்திருப்பார். அறக்கட்டளையாக நடத்தினால் பத்திரத்தைப் பாருங்கள். தனியார் அறக்கட்டளைகளுக்கான 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தாலோ பொறுப்பேற்கும்போது ஒப்பந்தம் செய்திருந்தாலோ அன்றி அறங்காவலருக்குத் தம் உழைப்புக்கும் திறமைக்கும் இழந்த நேரத்துக்கும் ஊதியம் கோரும் உரிமை இல்லை என்கிறது. பொது அறக்கட்டளை நடத்துபவர்களும் இந்தக் கோட்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வருமான வரி விலக்குப் பெற்ற அமைப்பு என்றால், நிர்வாகிக்கோ அவர் உறவினருக்கோ தருவது செய்த வேலைக்கு நியாயமான அளவைத் தாண்டினால் அந்தப் பகுதிக்கான விலக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. நேரக் குறிப்பு எழுதிய நாட்குறிப்பு அப்போதும் கைகொடுக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு பட்டயக் கணக்கரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது, பிறகு இருமுறை அலைவதைத் தவிர்க்கும்.

கூட்டத்தில் தீர்மானிக்கும் ஒழுங்கு

விழா முடிந்த சூட்டில் இதைப் பேசக் கூடாது. விழா முடிந்ததும் ஒருவர் மேல் எல்லோருக்கும் நன்றியாகவோ கோபமாகவோ இருக்கும். இரண்டும் தொகையைக் கெடுத்துவிடும். பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே பொறுப்புக்குரிய படியை முடிவு செய்துவிட்டு, பிறகு ஆளைத் தேடுங்கள். பழைய செயலாளர், அவர் வீட்டார், அவர் பங்காளிகள் ஆகியோர் அந்த முடிவில் கை தூக்காமல் இருக்க வேண்டும். முன்னர் ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் அடுத்த தேர்வில் விலக்கி வைத்த உத்தரமேரூர்க் கல்வெட்டு நமக்கு வடக்கே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலத்து ஊரார் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

படி வேண்டாம் என்று பெருந்தன்மையோடு சொல்லும் பொறுப்பாளரின் மச்சான் கடையிலிருந்து பந்தலும், சித்தப்பா மகனிடமிருந்து சீரியல் விளக்கும் வருகிற ஊர்களை அறிவேன். அதில் போகும் பணம் எந்தப் படியையும் விடப் பெரிது, எந்த நோட்டிலும் தனித் தலைப்பில் வராது. ஆகவே படியைப் பேசும் அதே கூட்டத்தில், 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் மூன்று கடைகளில் விலை எழுதி வாங்க வேண்டும் என்பதையும், உறவுக்காரரிடம் எடுத்தால் அதைக் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். திறந்த வாசல் வழியாகப் பதினாறாயிரம் கொடுத்தால் பின்வாசலை மூடச் சொல்லும் தைரியம் ஊருக்கு வரும்.

தீர்மானத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. யாருக்கு, எந்த வேலைக்கு, நாளுக்கு எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை நாள், எப்போது தரப்படும் என்பன இருந்தால் போதும். பாதியைக் காப்புக் கட்டும் நாளிலும், மீதியை விழாவின் நிறைவான விடையாற்றி முடிந்து கணக்கு வாசித்து ஊர் ஒப்புக்கொண்ட பிறகும் தருவது நல்ல வழக்கம். கணக்குத் தாமதமானால் மீதியும் தாமதமாகும். இதனால் எங்கள் ஊரில் புரட்டாசி வரை இழுத்துக்கொண்டிருந்த கணக்கு இப்போது விடையாற்றிக்கு அடுத்த ஞாயிறே வந்துவிடுகிறது. பணத்தைக் கையில் மடித்துக் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தி, வரவு செலவுத் தாளில் "செயலாளர் நாட்படி" என்று பெயரிட்டுக் கோயில் சுவரில் ஒட்ட வேண்டும். மறைத்துக் கொடுத்த ஆயிரம் ரூபாய்க்கு ஊரில் பத்தாயிரம் என்று பேச்சு வரும்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. தீர்மானம் நிறைவேறிய பின்னும், "எனக்கு வேணாம்பா, அம்பாளுக்கே இருக்கட்டும்" என்று ஒருவர் மறுப்பார். வசதியுள்ளவர் மறுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வரியைக் கணக்கிலிருந்து அடித்துவிடாதீர்கள். அவருக்குப் படியைச் செலுத்திவிட்டு, அதே தொகையை அவர் பெயரில் நன்கொடையாகப் பெற்று ரசீது கொடுங்கள். எங்கள் ஊரில் முதல் ஆண்டு செயலாளராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்படித்தான் செய்தார். அந்த ஆண்டுத் தாளில் செலவுப் பக்கம் 9,000, வரவுப் பக்கம் 9,000 என்று ஒரே தேதியில் இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்துப் பொருளாளரானவர், அன்று தூணோரம் நின்று மைக்செட்டுக்காரரைப் பற்றிக் கேட்ட பெண். நாள் கூலிக்குப் போகிறவர். அவர் தாளில் செலவுப் பக்கத்து வரி மட்டும் இருந்தது. கணக்கு வாசித்தபோது யாரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த வரியான ஜெனரேட்டர் வாடகையைப் பற்றித்தான் கேட்டார்கள்.